பூவாளி

நாளைக்கு மழையென்று
விளையாட்டுக்குள் இருக்கும் டிவி சொன்னதும்
செம்புப் பூவாளியைக் கொல்லனிடம் கொடுத்தேன்.
இரும்பாக்கித் தர இரண்டு நாள்.
ஐந்து கட்டி, மூவாயிரம் காசு.
கடன் சொல்ல முடியாத ஆள்.

தாராபுரம் காயில் கடை பெஞ்சில்
பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.
எங்கள் மோட்டார் வயிறு பிளந்து கிடக்கிறது.
"வெசாழக்கெழம வாங்கோ" என்கிறார் சென்னியப்பன்,
எந்த வியாழன் என்று சொல்லாமல்.

திரையில் மழை பிடித்துவிட்டது.
பூசணிக்குத் தானாகவே ஈரம்.
எனக்குத்தான் வேலையில்லை.
மண்வெட்டியோடு
கிணறே இல்லாத அந்தக் காட்டை
நாலு சுற்று சுற்றினேன்.

சார்ஜ் ஏழு சதம்.
"ஏனுங்க, பிளக் பாயிண்ட் இருக்குதுங்களா?"

செம்புக் கம்பி சுற்றுகிற கையை நிறுத்தாமல்
மோவாயால் மேலே காட்டுகிறார்,
நின்றுபோன ஃபேனை.