விரற்கடை மணல்

குழாயை நெட்டுக்குப் பிளந்து
மேசையில் கிடத்தியாயிற்று.
ஒன்றரை மீட்டர் பினாங்குச் சேறு.
அழுகிய முட்டை வாடை.
ஏர்கோனை நிறுத்திச் சன்னலைத் திறந்தாள் தமயந்தி.

மேலே நாலு விரல் கருஞ்சேறு.
அதற்கடியில்
யாரோ அடிக்கோடிட்டதுபோல்
விரற்கடை அகலம்
வெள்ளை மணல்.
பிறகு சேறு, சேறு, சேறு.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பாள் அவள்.
ஓராண்டுக்கு ஓர் உளுந்து கனம்,
அலையாத்தி வேர் பிடித்துவைக்கிற அவ்வளவுதான்
இந்தத் தீவின் ஓரம் என்று
ஏழு வருடமாக என்னோடு வழக்கு.
கடல்கோள் என்றும் ஒரு சொல்லை
அதே வாய்தானே வைத்திருக்கிறது
என்பேன் நான்.

ஊசிமுனையால் மணலைக் கிளறினேன்.
ஆரஞ்சு நிற பாட்டில் மூடி ஒன்று.

அன்று ஞாயிறு. எனக்குப் பதினொரு வயது.
ஜெலுத்தோங் வீட்டில் மீன்குழம்பு ஆறிப்போக
எல்லோரும் தொலைபேசியைச் சுற்றி நின்றோம்.
இன்று காலை எங்களை ஓடைக்குள் ஏற்றிப்போன ரொஸ்லான்
அன்று தன் படகை
டுரியான் மரத்தடியில் கண்டெடுத்தவர்.

மறுநாள் ஏற்றத்திலேயே
சேறு வேலைக்கு வந்துவிட்டிருக்கும்.
விடுப்பே எடுக்காத குமாஸ்தா.
மணல்மேல் முதல் தூசியை
யாரும் பார்க்கவில்லை,
எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் கீழே, ஒரு மீட்டர் தாண்டி
மற்றொரு மணல்வரி. மெல்லியது.
அதில் மூடி இல்லை,
அதற்குக் கிழமை இல்லை.
புயலாக இருக்கும் என்றாள்.
எனக்கும் தெரியவில்லை.
அதன் குறுக்கே ஒரு நண்டு வளை:
மேல்மணல் கொஞ்சம் கீழே,
கீழ்ச்சேறு கொஞ்சம் மேலே.
எங்கள் இருவரையும் கேட்காமல்
தோண்டியிருக்கிறது.

படிவத்தை நிரப்பினோம்.
சேறு, இருபது ஆண்டு.
மணல்?
ரொஸ்லானுக்கே போன் போட்டேன்.
சிரித்தார். பாதி சிகரெட் என்றார்,
மீதியை அலை குடித்துவிட்டதாம்.

கட்டத்தில் அலகு: ஆண்டு.
தமயந்தி கணிப்பானில் தட்டினாள்.
புள்ளிக்குப் பின் ஐந்து பூச்சியம்.
கட்டம் போதவில்லை;
ஓரத்து வெள்ளைத் தாளில்
எழுதினாள்.