வலி தொடங்கிய நேரம்

படிவத்தில் நான்காவது கட்டம்:
வலி தொடங்கிய நேரம். மணி, நிமிடம்.
சின்னக் கட்டம்.
நான்கு எண்களுக்கு மேல் கொள்ளாது.

'சங்கு ஊதசொல்லோ' என்றார் கொருக்குப்பேட்டை தேசப்பன்.
எந்தச் சங்கு?
'அதாம்மா, சங்கு.'
'தண்ணி லாரி வந்தப்போ' என்றாள்
கேட்டுக்கு அந்தப் பக்கத்துக் கஜவல்லி.
வரிசையில் ஏழாவது குடம் அவளுடையது.
ஐந்தாவது குடம் நிறையும்போது தாடை இழுத்ததாம்.
மாரில் ஒன்றும் இல்லையாம், அதனால்
இரண்டு குடத்தையும் வீட்டில் வைத்துவிட்டு வந்தாளாம்.
'ஏலம் முடிஞ்சி ஐஸ் ஒடைக்கசொல்லோ' என்றவர்
பெயரைச் சொல்வதற்குள் கண் செருகிவிட்டார்.
பெயரை மருமகள் பிறகு சொன்னாள்.
நேரத்தைச் சொல்ல அவளால் முடியவில்லை.

இரண்டு வருடம், அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.
கேள்வி எளிது:
தமனியில் கட்டி அடைத்த நிமிடத்திலிருந்து
கரைக்கும் ஊசி நரம்பில் ஏறும் நிமிடம் வரை
எவ்வளவு தசை சாகிறது.
வகுப்பில் இதற்கு ஒரு கோடு போடுவேன்,
மேலிருந்து கீழே.
மாணவர்கள் அழகாகப் பார்த்து வரைந்துகொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு
மணி தேடப் போனேன்.
சங்கு, எட்டுக்கு மூன்று நிமிடம் முன்னால், தவறாமல்.
தண்ணி லாரி நாலு நாற்பது,
செவ்வாய் மட்டும் ஐந்து பத்து.
காசிமேட்டில் ஐஸ் உடைப்பது
எத்தனை விசைப்படகு திரும்பியது என்பதைப் பொறுத்தது.
அங்கே தோற்றேன்.
இருபது நிமிடம் முன்பின் என்று எழுதிவிட்டு
கால் கிலோ நெத்திலி வாங்கி வந்தேன்.

போன நேரம் எங்கே போனது?
கோலி சோடாவுக்குக் கொஞ்சம்.
ஓமத்திரவத்துக்குக் கொஞ்சம்.
'கேஸ்தான், படுத்தா சரியாப்பூடும்'
என்று படுத்துப் பார்த்தது இரவு முழுக்க.
மஸ்தான் பாஷாவுக்குக் கன்டெய்னர் லாரி,
எண்ணூர் சாலையில்
துறைமுக வாசலைப் பார்த்தபடி ஒன்பது மணி நேரம்.
மார்மேல யாரோ குந்திகினு கீறாப்பல இருந்துச்சி டாக்டரே,
ஆனா எறங்குனா வரிசை பூடும்.
அவருடைய ஈசிஜியில் எழுந்து நின்ற அலைக்கு
எங்கள் தொழிலில் கல்லறை என்று பெயர்.
அவரிடம் மேடு என்று சொன்னேன்.

தேசப்பனுக்கு ஆட்டோ உடனே கிடைத்தது.
கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் ஒன்று, பிறகு கும்மிடிப்பூண்டி, பிறகு இன்னொரு கூட்ஸ்.
மகன் அப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு
கட்டைக்குக் கீழே குனிந்தான்.
கேட்காரர் விசிலடித்தார்.
அப்புறம் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு
ஓடிவந்து காலைப் பிடித்துக்கொண்டார்.
அந்தத் தண்டவாளத்தில் அவர்கள் கடந்தது
இரண்டு நிமிடமா, நான்கா,
யாருக்கும் தெரியவில்லை.
பிழைத்தவருக்கும்.

படிவத்தில் 'கேட்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன்.
கட்டுரையைச் சரிபார்த்தவர் எழுதினார்:
இது மருத்துவக் காரணி அல்ல, நீக்கவும்.
சர்க்கரை இருக்கலாம், பீடி இருக்கலாம்,
அப்பா எந்த வயதில் செத்தார் என்பதுகூட இருக்கலாம்.
நீக்கிப் பார்த்தேன்.
கணக்கு நொண்டியது.
திரும்பச் சேர்த்து அனுப்பி
ஐந்து மாதமாகிறது, பதில் இல்லை.

நேற்று மறுபரிசோதனைக்குக் கஜவல்லி வந்தாள்.
மாத்திரை டப்பாவைத் திறந்து
எண்ணிக் காட்டினாள், கேட்காமலே.
போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
'லாரி இப்பல்லாம் ஆறு மணிக்குத்தான் வருது,
உன் நோட்டுல மாத்திக்க.'

மாற்றிக்கொண்டேன்.
ஆறு மணி.
ஸ்டாப்வாட்சோடு நான் நின்ற நாட்களில்
ஆறு நாலுக்குக் கட்டை இறங்கும்.