காற்று நாளின் வீட்டுப்பாடம்

புந்தா அரேனாஸில் காற்று மூர்க்கமாகும் நாளில்
நகராட்சி ஆட்கள் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தேன்
முதல் வியாழக்கிழமை, சுகாதார மையத்தின் மாடியறைக்கு.
டாக்டரின் சீட்டில் இருந்தது:
மாத்திரை பாதி. மகிழ்ச்சி வகுப்பு, எட்டு வாரம்.

சிரிப்பு வந்தது.
பதினெட்டு வருடமாக நண்டு ஆலையில் ஓடு உடைப்பவள் நான்.
எனக்கு மகிழ்ச்சி சொல்லித்தர
வடக்கிலிருந்து வந்திருந்தான் ஒரு பையன், நெவேன்,
காதுவரை இழுத்த கம்பளித் தொப்பியும்
பாதி தீய்ந்த மார்க்கர் பேனாவுமாக.

நாளொன்றுக்கு மூன்று நல்ல விஷயம் எழுதி வா என்றான்.
எழுதினேன்:
ரொட்டி.
ரொட்டி.
ரொட்டி.
முகம் சுளிப்பான் என்று பார்த்தேன்.
"எந்தக் கடை ரொட்டி?" என்றான்.
அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.
தின்றதுதான், பார்க்கவில்லை.

மறுவாரம்:
அடி கருகிய ரொட்டி, சுரண்டினால் வாசனை.
பூனை என் செருப்புக்குள் தலை வைத்துத் தூங்கியது.
மேற்பார்வையாளனுக்குப் பல்வலி, விடுப்பு.
மூன்றாவது நல்ல விஷயமா என்று தர்க்கம் நடந்தது.
ஓட்டெடுப்பில் ஜெயித்தேன்.

மூச்சுப் பயிற்சி. நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே.
லாரி ஓட்டும் ராமீரோ மூன்றாம் சுற்றிலேயே
குறட்டை விட்டான்.
மனைவி போனதிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை.
யாரும் எழுப்பவில்லை.
நாங்கள் அவன் குறட்டைக்கு மூச்சை ஒப்பேற்றிக்கொண்டோம்.

பிறகு உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும் பாடம்.
கோபம் என்று எழுதினேன்.
அதற்குக் கீழே என்ன என்றான்.
இன்னும் கோபம்.
அதற்கும் கீழே?
பென்சிலை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன்.
நீரிணையில் ஒரு கப்பல் முன்னேறாமல் முன்னேறியது.
எழுதினேன்: என்னைக் கேட்கவில்லை.
இது உணர்ச்சியின் பெயரில்லையே என்றேன்.
இருக்கட்டும் என்றான்.

ஐந்தாம் வாரம் அவன் தாமதமாக வந்தான்.
பலகையில் தேதி எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான்.
தகரக் கூரை தடதடத்தது.
ராமீரோதான் கேட்டான், "தம்பி, கீழே என்ன?"
தொப்பியைக் கழற்றினான். இருபத்தைந்துகூட இருக்காது.
"அம்மாவுக்கு அறுவை. விமானம் ரத்து."
யாரும் அறிவுரை சொல்லவில்லை,
அதுவரை நாங்கள் கற்றதில் பெரியது அதுதான்.
கெட்டிலில் தண்ணீர் வைத்தேன்.
அவன் கைக்குச் சூடாக ஏதாவது வேண்டும்.

ஞாயிறு. சீலோயேவிலிருந்து தங்கை ஏதித்.
அப்பாவின் படகை என்னிடம் சொல்லாமல் விற்றவள்.
அவள் "ஹலோ" சொன்னதுமே
என் நாக்கு கத்தியைத் தேடியது.
போனை மேசையில் வைத்தேன்.
நாலு. ஆறு. நாலு. ஆறு.
இரண்டாவது ஆறில் வசைச்சொல் ஒன்று கலந்துவிட்டது, போகட்டும்.
திரும்ப எடுத்தேன்.
"இருக்கிறாயா?"
"இருக்கிறேன். செத்துவிட்டாயோ என்று நினைத்தேன்."
"நீ என்னைக் கேட்டிருக்கலாம்."
நெடுநேரம் கரகரப்பு.
"கேட்டிருந்தால் வேண்டாமென்றிருப்பாய்."
உண்மை. வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பேன்.
படகு போனது போனதுதான்.
அவள் மூக்குறிஞ்சும் சத்தம் அப்பாவுடையது,
அதை முன்பு கவனித்ததில்லை.

எட்டு வாரம் முடிந்தது. சான்றிதழ் கிடையாது.
மாத்திரை இன்னும் பாதிதான்.
சில காலைகளில் படுக்கை என்னை விடுவதில்லை,
அன்றைக்கு நோட்டில் தேதி மட்டும் இருக்கும்.

நேற்று மறுபடி கயிறு கட்டினார்கள்.
எதிரே சீமாட்டி ஒருத்தி, அதே கயிற்றில்.
யாராவது ஒருவர் கைவிட்டால்தான் மற்றவர் கடக்க முடியும்.
நான் விட்டேன். காற்று தூக்கியது. அவள் என் பெல்ட்டைப் பிடித்தாள்.
இருவரும் நடுத்தெருவில் பேயறைந்தாற்போலச் சிரித்தோம்.

இரவு எழுதினேன்:
ஒன்று, பெல்ட் அறுந்துபோகவில்லை.
இரண்டு, எள் தூவிய ரொட்டி, மூலைக்கடை, இளஞ்சூடு.
மூன்று,
அவளுடைய விலையுயர்ந்த தொப்பி
கடலைப் பார்த்துப் பறந்து போனது.