ஜன்னலோர அலமாரி

நவம்பரில் ஹீயுமா தீவில்
மூன்றரை மணிக்கே விளக்கேற்ற வேண்டும்.
அப்போதுதான் நகராட்சியிலிருந்து எனக்குக் கடிதம் வரும்:
ஜன்னலோர அலமாரியை நிரப்பு.
இந்த வருஷம்
பழங்கதைகளின் வயிற்றில் பிறந்த நாவல்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிந்துரை அட்டை.
உள்ளங்கை அகலம், நாலு வரி.
பொய் சொல்ல அவ்வளவு இடம் போதும்.

காட்டரசன் மகளைப் பற்றிய தடிப் புத்தகத்துக்கு
'மழை நாளுக்கு உகந்தது' என்றேன்.
இங்கே வேறு நாளே கிடையாது.
கடலடியில் மாடு மேய்க்கும் பெண்கள் கதைக்கு
'நடுவில் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.'
கிராட் நாவலுக்குத்தான்
வார்த்தை வரவில்லை.

ஓட்டை வாளி, துடைப்பக் கட்டை, வைக்கோல்.
சேர்த்துக் கட்டி, மூன்று சொட்டு ரத்தம்
பிசாசுக்குக் கொடுத்தால்
எழுந்து நின்று வேலை கேட்கும் கிராட்.
ரத்தத்துக்குப் பதில் தோட்டத்துப் பழச்சாறு கொடுத்து
பிசாசையே ஏய்த்தவர்கள் எங்கள் ஆட்கள்.
வேலை தீர்ந்தால்
அது எஜமானின் கழுத்தைப் பிடிக்கும்.
'நன்றாக இருக்கிறது' என்று எழுதி வைத்தேன்.
கை கூசியது.

எடுத்துப் போனவர் எண்டெல்.
படகுத்துறையில் எஞ்சின் பழுது பார்ப்பவர்.
ஹீட்டர் பக்கம் உட்கார்ந்து
பேப்பர் புரட்டுவதோடு சரி, அதுவரை.
மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தார்.
என் வரிக்குக் கீழே
பென்சில் எழுத்து, எண்ணெய்க் கைரேகை:

'கடைசியில் ரொட்டியால் ஏணி கட்டச் சொல்கிறான்.
முடியாமல் தவித்து எரிந்துபோகிறது.
எல்லோரும் சிரிக்கும் இடமாம்.
முப்பத்தோரு வருஷத்தில் என்னையும் யாரும்
போதும், உட்கார் என்று சொன்னதில்லை.'

அட்டையைக் கிழிக்கவில்லை.
கிழித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.
டிசம்பருக்குள் எல்லா அட்டையிலும்
எழுத்து முளைத்தது.
இரவுப் பணி நர்ஸ் ரீகா எழுதினாள்:
'நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் ராத்திரியில் வேண்டாம்.
நான் ராத்திரியில்தான் படித்தேன்.'
கடல் மாடுகளுக்கு ஒரு சிறுவனின் கோணல் எழுத்து:
'பால் உப்புக் கரிக்குமா? சொல்லவே இல்லை.'
பாதிரியார் காட்டரசன் மகளைக் கண்டித்து
பின்பக்கமும் நிரப்பினார்.
அன்றிலிருந்து அந்தப் புத்தகம்
அலமாரியில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

ஒன்று மட்டும் என் இழுப்பறையில் கிடந்தது.
ஓநாயாகிப் போன தாயின் கதை.
பிள்ளைக்குப் பால் கொடுக்கக் காட்டோரம் வருவாள்.
தோலைக் கழற்றிப் பாறைமேல் போடுவாள்.
ஒருநாள் பாறையைக் காய்ச்சி வைத்தார்கள்.
தோல் கருகியது, தாய் வீடு திரும்பினாள்.
சுபம்.

எனக்கு ஏழு வயதில்
ஸ்வீடன் கப்பலில் ஏறினாள் அம்மா.
எங்கள் வீட்டில்
பாறை காய்ச்சத் தெரிந்தவர் யாருமில்லை.

'நீங்கள் வெளியே வைக்காத புத்தகம் எது?'
எண்டெல் கேட்டார், குல்லாயைக் கழற்றாமல்.
இருபது வருஷ வேலையில்
ஒருவரும் கேட்காத கேள்வி.
அட்டையில்லாமல் எடுத்துக் கொடுத்தேன்.

பத்து நாள் வைத்திருந்தார்.
'தோல் எரிந்தபோது அவளுக்கு வலித்ததா?
ஒரு வரி இல்லையே.'
இல்லை என்றேன்.
'வந்த பிறகு நன்றாகத் தூங்கினாளா?'
அதுவும் இல்லை.
துறையில் படகு ஊதியது. போய்விட்டார்.

அன்று மாலை புது அட்டை வெட்டினேன்.
'இந்தக் கதையில் இரண்டு கேள்விகளை
யாரோ கேட்க மறந்துவிட்டார்கள்' என்று எழுதி
மிச்சத்தை வெறுமையாக விட்டேன்.
நூலில் ஒரு பென்சில் கட்டி
ஜன்னலோரம் வைத்தேன்.

காலையில் பணி முடிந்து வந்த ரீகா
புத்தகத்தை எடுத்துப் போனாள்,
நூலை அறுத்துப்
பென்சிலையும் சேர்த்து.