மூன்று வரிகளுக்குள்

கண்டியில் கண்காட்சியாம். படிவம் வந்திருக்கிறது.
பெயர், ஊர், கமெராவின் வகை,
அப்புறம் ஒரு கட்டம்:
உங்களைப் படமெடுக்கத் தூண்டுவது எது?
மூன்று வரிகளுக்குள்.

பொகவந்தலாவையில், ஹார்ட்வெயார் கடைக்கு மேலே
என் ஸ்டூடியோ.
கீழே நாள் முழுக்க ஆணி நிறுக்கிற சத்தம்.
மூன்று வரிக்காக நான்கு நாளாய் உட்கார்ந்திருக்கிறேன்.

யோகராசனைக் கேட்டேன். டிக்கோயாக்காரர்,
பனியைத் தவிர வேறெதையும் எடுக்காத மனுசன்.
"பனி எறங்கிட்டா எது யாரு மலைன்னு
எல்லை தெரியாது தங்கச்சி.
அந்த அரை மணித்தியாலம் எல்லாமே எனக்குந்தான்."
அதையே எழுதி அனுப்பிவிட்டாராம்.
ஒன்றரை வரி.

அப்புத்தளை நிசன்சலா ரயிலை எடுப்பவள்.
ரயிலை என்றால் ரயிலை அல்ல,
அது போன பிறகு தண்டவாளம் தாண்டும் ஆட்களை.
சிங்களத்தில் குரல் அனுப்பியிருந்தாள்:
ஜன்னலுக்குக் கையசைக்கிற பிள்ளையை எல்லோரும் எடுக்கிறார்கள்,
அசைத்த கை கீழே இறங்குவதை
ஒருத்தரும் பார்ப்பதில்லை.
பொறாமையாக இருந்தது எனக்கு.

என் வயிற்றுப்பாடு அடையாள அட்டை.
நேரே பாருங்க, நாடியைத் தூக்குங்க, சிரிக்க வேணாம்.
வெளிநாடு போகிற பெண்கள் பாஸ்போட்டுக்கு வருவார்கள்;
எடுத்து முடித்த பிறகுதான் சிரிப்பார்கள்.
அந்தச் சிரிப்பை ஒட்ட
எந்தப் படிவத்திலும் இடமில்லை.

போன வருசம் கொழும்பிலிருந்து ஒரு கம்பெனி வந்தது.
தேயிலைப் பெட்டிக்கு மேலே போட ஒரு கொழுந்துக்காரி வேண்டும்.
எங்கள் லயத்து மாரித்தாயைப் பிடித்தார்கள்.
இடுப்புப் படங்கை அவிழ்க்கச் சொல்லி
சிவப்புச் சேலை கொடுத்தார்கள்.
கூடைக்குள் பழைய பேப்பரை அமுக்கி
மேலாகக் கொழுந்தைப் பரப்பி
"இப்ப சிரிங்க."
வெளிச்சத்துக்கு வெள்ளை அட்டை பிடித்தது நான்.
கூலி தந்தார்கள், குறை சொல்ல மாட்டேன்.
சேலையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு
மாரித்தாய் கேட்டாள்:
"ஏம் புள்ள, கூடையில பாரமே இல்லியே,
படத்துல அது தெரியாதா?"

தெரியாது என்றேன்.
சொல்லிவிட்டு அன்றைக்கு ராத்திரி
புரண்டு புரண்டு படுத்தேன்.

மறுநாள் பின்னேரம் ஏழாம் நம்பர் மலைக்குப் போனேன்.
மழை.
கொக்கியில் சாக்குத் தொங்குகிறது.
இருபத்தொன்றுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில்
முள் நடுங்குகிறது.
ஈரத்துக்கு மூன்று, சாக்குக்கு ஒன்று,
கணக்கப்பிள்ளையின் பென்சில் கழித்துக்கொண்டே போகிறது.
பதினெட்டு வராவிட்டால் அரைப் பேர்.
வரவில்லை.

முள்ளைத்தான் எடுக்கப் போனேன், சத்தியமாக.
ஆதாரமாய் இருக்கட்டும் என்று.
லென்ஸ் முழுக்க ஆவி.
குனிந்து தாவணியில் துடைத்தபோது
கீழே கண்டேன்:
மண்ணைக் கவ்விய பெருவிரல்,
நகத்துக்குள் கறுப்பு,
அட்டை ஏறாமல் இருக்கக் காலில் தேய்த்த சவுக்காரம்
மழைக்கு நுரைத்து
சிவந்த சேற்றில் வெள்ளையாய் இறங்குகிறது.
சாக்கைக் கழற்றித் தூக்கிய அந்த நொடி
விரல் இன்னும் ஒரு அங்குலம் புதைந்தது.

எடுத்தேன்.

படத்தில் முகமில்லை. தராசும் இல்லை.
பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.
மாரித்தாய் தலைகீழாய்ப் பிடித்து, திருப்பி,
விளக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.
தன் கால் என்று அவளுக்கு
உடனே பிடிபடவில்லை.
பிறகு கேட்டாள்:
"கழிச்ச நாலு கிலோவும் இதுல இருக்கா?"

இதை எப்படி மூன்று வரியில் எழுதுவது.
'பாரம்' என்று ஒரு சொல் எழுதினேன்,
படிவத்தில் அது பெரிய பேச்சாய்த் தெரிந்தது.
வெட்டினேன்.
'சவுக்காரம்' என்று எழுதினேன்.
கண்டியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும். வெட்டவில்லை.

மிச்சம் இரண்டு வரி காலியாய்க் கிடக்கிறது.
கீழே யாருக்கோ கால் கிலோ ஆணி நிறுக்கிறார்கள்.
ஒன்று கூடிவிட்டது போல,
தட்டிலிருந்து எடுத்து
டப்பாவுக்குள் திரும்பப் போடுகிற சத்தம்.