ஒரு விரல் இடைவெளி

மார்ச் கடைசிச் சனி, வின்டர்தூரில்
விலையைப் பாதியாக்கி வாசலில் தள்ளியிருந்த பை.
மூன்று குச்சி, மூன்று பிடி வேர்,
மண் ஒரு துகள்கூட இல்லை.
படத்தில் மட்டும் சுவரை விழுங்கிய சிவப்புக் கொடிரோசா.
"விறகுக்கா காசு குடுத்தனீர்?" என்றார் நிமலராசன்.

அன்றிரவு குளியலறை வாளியில்
முடி கலைந்த மூன்று பேர்
தலைகீழாய்த் தண்ணீர் குடித்தார்கள்.
மூன்று மணிக்கு லைட் போடாமல் போனவர்
கால் இடறிக் கத்த,
மேல்வீட்டுத் திருமதி நேகெலி
தடியால் தரையை இடித்தாள்.
பத்து மணிக்குப் பிறகு
குழாய்கூட மெல்லப் பேசவேண்டிய கட்டிடம் இது.
எங்கள் சலவை நாள் முடிந்த மறுநாள்
கொடியில் ஒரு காலுறை மிஞ்சியதற்கு
கதவில் கடிதம் ஒட்டியவள் அவள்.

காலையில் வேர்நுனிகளைக் கத்தரித்தேன்.
உள்ளே தேங்காய்ச் சொட்டின் வெள்ளை.
முழங்கால் உயரச் சாடிகள், அடியில் உடைந்த பீங்கான்,
நடுவில் மண்ணைக் குவித்து
சேலைக் கொசுவம் விரிப்பதுபோல்
வேரை அதன்மேல் இறக்கினேன்.
ஒட்டுக்கணு மண்ணுக்குள்ளே இரண்டு விரல்.
உரம் இப்போது இல்லை.
முதலில் பசிக்கட்டும்.

சுவரில் ஆணி அடிக்க வீட்டுச் சட்டம் விடாது.
பால்கனிக் கம்பியில் சணல் கட்டினேன்.

ஏப்ரலில் இரண்டு கண் சிவந்தன.
மூன்றாவது
மே பிறந்தும் குச்சிதான்.
நகத்தால் சுரண்டினேன், பழுப்பு.
ஒரு சாண் கீழே, பழுப்பு.
மண்ணைத் தொடும் இடத்தில்
மிளகாய்த் தோலளவு பச்சை.

அதுவரைக்கும் வெட்டி, பிடுங்கி,
மறுபடி ஓரிரவு வாளி.
பிறகு ஈரத் தும்புத்தூளில் புதைத்து
கறுப்புப் பையில் கட்டி
எங்கள் செவ்வாயில், சலவையறை
இயந்திரத்தின் பின்னால் ஒளித்தேன்.
அங்கேதான் சூடு.

வெள்ளிக்கிழமை பையில் ஒரு சீட்டு:
"இது என்ன?" கீழே தேதி, நேரம்.
அதே சீட்டில் எழுதினேன்:
"ரோசா. சாகவில்லை என்று நினைக்கிறேன்."

மறுநாள் சீட்டைக் காணோம்.
பையையும் காணோம்.
குப்பைத்தொட்டி வரை போய்ப் பார்த்துவிட்டு
திரும்பும்போதுதான் கண்டேன்:
சுடுநீர்க் குழாய்க்குக் கீழே
பழைய துவாய் ஒன்றின்மேல் அது இருந்தது.
துவாய் எங்களுடையது இல்லை.

பதினோராம் நாள் அவிழ்த்தேன்.
பால்பல் மாதிரி ஒரு முளை.

இப்போது ஆகஸ்ட்.
மூன்றாவது ஒரு சாண்தான், வெயிலுக்கு இன்னும் கூசுகிறது.
முதலாவது சணல் முடிந்தும் நிற்காமல்
மேல்வீட்டுக் கம்பியை எட்டிவிட்டது.
பூ இல்லை. முதல் வருடம் அப்படித்தானாம்.
வெட்டச் சொல்லிக் கடிதம் வரும் என்று
கத்தரியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து
அண்ணாந்து பார்த்தேன்.

சிவப்புக் கம்பளி நூல்.
மேல்கம்பியோடு சேர்த்து ஒரு முடிச்சு,
தண்டு பருக்க இடம் விட்டு,
ஒரு விரல் நுழையும் அளவுக்கு.