வாங்குபவர் பெயர்

விருதம்பட்டில், பாலாற்றுப் பாலம் ஏறுவதற்கு முன்னால்
இடது கைப் பக்கம் எங்கள் மருந்துக் கடை.
எதிரே அரசாங்கத்தின் கடை.
பன்னிரண்டு மணிக்கு அங்கே ஷட்டர் ஏறும்போது
இங்கே கண்ணாடி அலமாரியில்
இருமல் மருந்துகள் லேசாக அதிரும்.

அங்கே யாரும் யாரிடமும் பெயர் கேட்பதில்லை.
கம்பிக்குள் கை போகிறது, குவார்ட்டரோடு திரும்புகிறது.
கைக்குப் பெயர் எதற்கு?

எனக்குத்தான் நோட்டு.
ஆடி மாதம் ஒரு தாள் வந்தது.
ஊசி விற்றால் எழுத வேண்டுமாம்:
தேதி, வாங்குபவர் பெயர், விலாசம்,
என்ன நோய், எந்த டாக்டர்.
முதலாளி சிவப்பு மையில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டுப்
பொய்கைச் சந்தைக்கு மாடு பார்க்கப் போனார்.

தணிகைவேல் அதற்கு முன்பெல்லாம்
எட்டு ரூபாயைச் சில்லறையாக வைத்து
"ஒண்ணு குடுக்கா" என்பான்.
அக்னி நட்சத்திரத்திலும் முழுக்கைச் சட்டை.
நோட்டைப் பார்த்த அன்று
வைத்த காசை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டான்.
"பேரு எய்தணுமா? அப்ப வோணாக்கா."

ஊசி கிடைக்காததால் ஒருவனும் நிறுத்தவில்லை.
பாலத்துக்குக் கீழே, தூண் நிழலில்,
நாலு பேருக்கு ஒன்று என்று ஆனது.
எனக்கு எப்படித் தெரியும் என்றால்
ஆவணியில் அந்த நாலில் ஒருவன்
மஞ்சள் கண்களோடு சீட்டை நீட்டினான்.
நான் மாத்திரைகளை எண்ணினேன்.
எண்ணுவதுதான் என் படிப்பு.

மறுநாள் தணிகையைச் சைக்கிளோடு மடக்கி
ஒரு பெட்டியையே கொடுத்தேன்.
"ஆளுக்கு ஒண்ணு. ஒரு தடவைதான்.
முனை மழுங்கும், சீழ் பிடிக்கும்.
போட்டதைத் திருப்பிக் கொண்டு வா."

விட்டுவிடு என்று சொல்லவில்லை.
அதை அவன் அம்மா சொல்லியாயிற்று,
ஸ்டேஷனில் லத்தி சொல்லியாயிற்று,
சேண்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால்
சூடம் அணைத்துச் சத்தியமும் ஆயிற்று.

நோட்டில் என் பெயரை எழுதினேன்.
பா. குணவதி, முப்பத்தாறு, சர்க்கரை.
பத்து.
பத்து.
இருபது.
புரட்டாசி முடிவதற்குள்
வட ஆற்காட்டிலேயே பெரிய சர்க்கரை நோயாளி நான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். விரல் வரி வரியாக இறங்கியது.
"குணவதி யாரும்மா?"
"நான்தான் சார்."
"வாரத்துக்கு இருபதா?"
"இறங்கவே மாட்டேங்குது சார்."
மேசையில் பாதி கடித்த மக்கன் பேடா.
அவர் அதைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.

எதிரே எதுவோ உடைந்தது, யாரோ சிரித்தார்கள்.
அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து
குரலைத் தாழ்த்தினார்:
"எனக்குப் பதினோரு வருஷமா இருக்கு.
ஒரே ஊசியை அஞ்சு நாள் ஓட்டுறேன்.
ஒண்ணும் ஆகாதில்ல?"

"வேணாம் சார். ஒரு தடவைதான்.
முனை மழுங்கும், சீழ் பிடிக்கும்."

ஒரு பெட்டி வாங்கினார்.
நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன்.
கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.
"பேர் எழுதித்தான் ஆகணுமா?"

செவ்வாய்க்கிழமை தணிகை வந்து போயிருக்கிறான்,
நான் சாப்பிடப் போன நேரத்தில்.
கல்லாவுக்கு அடியில் ஒரு குவார்ட்டர் பாட்டில்,
ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை.
காலியாக எதிர்க் கடையில் கொடுத்தால்
பத்து ரூபாய் திரும்ப வரும்.
இது காலி இல்லை.
கழுத்தில் சிக்கிய ஒன்றைத் தட்டி இறக்கிவிட்டு
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எண்ணினேன்.
பதினேழு.
கொடுத்தது இருபது.

மூன்று ஆற்று மணலில் கிடக்கலாம்.
மூன்று பேர் கையில் இருக்கலாம்.

திரும்பி வந்ததை எழுத
நோட்டில் இடம் இல்லை.
முதலாளியின் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து
ஓரத்தில் ஒரு கோடு போட்டேன்.
கொஞ்சம் கோணல்தான்.